நீண்ட வரியில் மறையும் ஒற்றை எழுத்து: கோப்புகளை ஒப்பிட வரும் இளையோருக்கு

ஓட்டப்பிடாரம், எட்டயபுரம், விளாத்திகுளம் பக்கத்துக் கிரையப் பத்திரம் ஒன்றை எடுத்துப் பாருங்கள். சொத்து விவரம் தொடங்கிவிட்டால் மாவட்டம், வட்டம், கிராமம், சர்வே நம்பர், விஸ்தீரணம், செக்குபந்தி, வண்டிப்பாதை, கிணற்றுப் பாத்தியம் என்று முற்றுப்புள்ளியே இல்லாமல் ஓடும். கணினிக்கு அது முழுவதும் ஒரே வரி. அதற்குள் 212/3ஏ என்பது 212/3பி ஆகிவிட்டால் வேறொருவர் புஞ்சை பத்திரத்துக்குள் வந்துவிடும். பழைய படியையும் புதிய படியையும் கோப்பு ஒப்பிடும் கருவியில் போட்டால், பல கருவிகள் 'இந்த வரி மாறியிருக்கிறது' என்று சொல்வதோடு நின்றுவிடும். கம்பங்காட்டில் ஒரு கதிர் சாய்ந்ததற்குக் காடு முழுவதும் சிவப்புத் துணி கட்டிய மாதிரிதான். எந்தக் கதிர் என்று தேடுகிற வேலை பார்ப்பவர் தலையில் விழுகிறது.

அச்சகத்தில் மெய்ப்புப் பார்க்கத் தொடங்கி, பிறகு கணினிக் கோப்புகளை ஒப்பிடும் வேலைக்கு வந்தவன் நான். இந்தக் கரிசல் மண்ணிலிருந்து மென்பொருள் வேலைக்கும் பத்திரம் எழுதும் வேலைக்கும் பதிப்பு வேலைக்கும் போகிற தம்பி தங்கைகள் கேட்டுக்கொண்டதற்காக, எனக்குத் தெரிந்ததை வரிசைப்படுத்தித் தருகிறேன்.

1. வரி என்ற அலகு எங்கிருந்து வந்தது என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள்.

இன்றைக்கு இருக்கிற ஒப்பீட்டுக் கருவிகள் பலவற்றுக்கும் முன்னோடி 'டிஃப்'. அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் டக்ளஸ் மெக்கில்ராய் எழுதியது. 1974-ல் யூனிக்ஸ் இயங்குதளத்தின் ஐந்தாம் பதிப்போடு வெளிவந்தது. அதன் கணக்கு முறையை விளக்கி அவரும் ஜேம்ஸ் ஹன்ட்டும் 1976-ல் ஓர் அறிக்கை வெளியிட்டார்கள். இரண்டு கோப்புகளிலும் வரிசை மாறாமல் பொதுவாக இருக்கிற வரிகளை எவ்வளவு அதிகமாகக் கண்டுபிடிக்க முடியுமோ அவ்வளவு கண்டுபிடி; மிஞ்சியது நீக்கம் அல்லது சேர்ப்பு. இதுதான் அடிப்படை. இந்தக் கணக்கில் ஒரு வரி இன்னொரு வரிக்குச் சமம், இல்லையென்றால் சமமில்லை. 'கிட்டத்தட்ட அதே வரி' என்ற நிலைக்கு அதில் இடமே கிடையாது.

அது அன்றைய வேலைக்குப் பொருத்தமாகத்தான் இருந்தது. கணினிக்கு நிரலைக் கொடுத்த துளையட்டையில் 80 எழுத்துதான் கொள்ளும். அந்தப் பழக்கத்தில் வந்த நிரல் வரிகளும் குட்டையானவை. மாறிய வரியைக் காட்டினாலே போதும், கண் உடனே பிடித்துக்கொள்ளும். நாம் கொண்டுபோய்ப் போடுவது அரைப்பக்கம் நீளும் வரி. கருவி பொய் சொல்லவில்லை. நாம் கேட்க வேண்டிய கேள்வியை இன்னும் கேட்கவில்லை. எந்த அலகில் வித்தியாசம் வேண்டும் என்று அதற்குச் சொல்லிக்கொடுப்பதுதான் உங்கள் வேலை. வரியா, வாக்கியமா, சொல்லா, எழுத்தா, இலக்கமா? கீழே நான் சொல்லப்போவதெல்லாம் இந்தக் கேள்வியைச் சுற்றித்தான்.

2. முடிந்தால், ஒப்பிடுவதற்கு முன்பே வரியை உடைத்துவிடுங்கள்.

யூனிக்ஸ் பழகுவோருக்காக பிரையன் கெர்னிகன் 1974-ல் எழுதிய கையேட்டிலேயே இந்த அறிவுரை இருக்கிறது: ஒவ்வொரு வாக்கியத்தையும் புது வரியில் தொடங்கு, வரியை இயல்பான இடத்தில் முறி. உரையைத் திருத்துவது பின்னால் சுலபமாகும் என்பது அவர் சொன்ன காரணம். ஐம்பது ஆண்டுக்குப் பிறகும் இதைவிட மலிவான வைத்தியம் கிடையாது.

பத்திரம் என்றால் காற்புள்ளி வருகிற இடமெல்லாம் முறியுங்கள். சர்வே நம்பர் ஒரு வரி, விஸ்தீரணம் ஒரு வரி, நான்கு எல்லையும் நான்கு வரி. ஜேசன் (JSON) என்ற தரவுக் கோப்பு முழுவதும் ஒரே வரியாக வந்தால், விரித்தெழுதும் கருவியில் போட்டு, அதிலுள்ள புலப்பெயர்களை அகர வரிசைப்படுத்தி, அதற்குப் பிறகு ஒப்பிடுங்கள். இரண்டு படிகளையும் ஒரே விதியால் உடைக்க வேண்டும். ஒன்றைக் கையாலும் மற்றதைக் கருவியாலும் உடைத்தால் இல்லாத வித்தியாசமெல்லாம் முளைக்கும். மூலக்கோப்பில் கை வைக்காதீர்கள். உடைப்பது ஒப்பிடுவதற்காக எடுத்த நகலில் மட்டும்.

3. உடைக்க முடியாத இடத்தில் சொல்லளவில் ஒப்பிடுங்கள்.

'குனூ' திட்டத்தின் 'டபிள்யூடிஃப்' இதற்கென்றே எழுதப்பட்டது. இடைவெளியில் பிரித்து ஒவ்வொரு சொல்லையும் ஒரு வரி போலப் பாவித்து ஒப்பிடும். போன சொல்லையும் வந்த சொல்லையும் அந்த இடத்திலேயே அடைப்புக்குறிக்குள் அடுத்தடுத்துக் காட்டும். கோப்பின் பதிப்புகளைச் சேமித்துவைக்கும் 'கிட்' பயன்படுத்துகிறவர்களுக்கு 'வேர்ட்-டிஃப்', 'கலர்-வேர்ட்ஸ்' என்ற இரண்டு விருப்பங்கள் உண்டு. 'வின்மெர்ஜ்', 'மெல்ட்', 'கேடிஃப்3' போன்ற இலவசக் கருவிகள் வரிக்குள்ளேயே மாறிய பகுதியை அழுத்தமான நிறத்தில் காட்டும். வின்மெர்ஜில் சொல்லளவா எழுத்தளவா என்று நீங்களே தேர்ந்துகொள்ளலாம். மைக்ரோசாஃப்ட் வேர்டின் ஒப்பிடும் வசதியிலும் அதே தேர்வு இருக்கிறது. அந்த ஒரு பொத்தானைத் தேடிப் பார்க்காமலேயே பல வருஷம் ஓட்டுகிறவர்கள் நிறையப் பேர்.

ஒரு கருவியை எடுத்ததும் அது எப்படிக் குறிக்கிறது என்று பாருங்கள். 'விம்' தொகுப்பியின் ஒப்பீட்டு முறையில் நெடுங்காலம், வரியின் முதல் வித்தியாசத்திலிருந்து கடைசி வித்தியாசம் வரை எல்லாமே ஒரே பட்டையாக நிறம் ஏறும். வரியின் தலையில் ஓர் எழுத்தும் வாலில் ஓர் எழுத்தும் மாறியிருந்தால், நடுவில் மாறாத அத்தனையும் மாறினதாகத் தெரியும். 2025-ல்தான் எழுத்தளவிலும் சொல்லளவிலும் தனித்தனியாகக் காட்டும் அமைப்பு அதில் சேர்ந்தது. பழைய பதிப்பு வைத்திருப்பவர்கள் அந்தப் பட்டையை நம்பக் கூடாது.

4. தமிழுக்கு எழுத்து என்பது எது என்று கருவிக்குச் சொல்லிக்கொடுங்கள்.

இதில்தான் நம் பிள்ளைகள் அதிகம் திணறுகிறார்கள். ஆங்கிலத்துக்கு எழுதிய கருவியைத் தமிழுக்கு அப்படியே வைத்தால் இரண்டு பக்கமும் இடிக்கும். நம் சொல் நீளமானது. 'எழுதிக்கொடுத்திருக்கிறபடியால்' என்பது ஒரே சொல். அதில் ஓர் ஒற்று விழுந்துவிட்டால் சொல்லளவு ஒப்பீடு அந்தச் சொல் முழுவதையும் நிறமேற்றிக் காட்டும். சரி, எழுத்தளவுக்குப் போவோம் என்றால், கருவி 'எழுத்து' என்று நினைப்பது யூனிகோடின் குறியெண்ணை. 'கீ' என்பது நமக்கு ஓர் எழுத்து. அதற்கு 'க' ஒன்று, ஈகாரக் குறி ஒன்று, ஆக இரண்டு. 'கீழக்காடு' என்பதை யாரோ 'கிழக்காடு' என்று அடித்திருந்தால், கருவி மெய்யை விட்டுவிட்டுக் குறியை மட்டும் பிய்த்துக் காட்டும். திரையில் புள்ளி வட்டத்தோடு ஒரு துண்டுக் குறி தொங்கும். படிக்கிறவருக்கு ஒன்றும் விளங்காது.

பைத்தான் நிரல்மொழியின் 'டிஃப்லிப்' தொகுப்பில் 'என்டிஃப்' என்றொரு வசதி. மாறிய இடத்துக்கு நேர்கீழே தொப்பிக்குறி போட்டுக் காட்டும். ஆங்கிலத்தில் அச்சாக நிற்கும். தமிழில் குறியெண்களின் கணக்கும் கண்ணுக்குத் தெரியும் எழுத்தின் கணக்கும் வேறு வேறானதால் தொப்பி வலப்பக்கம் நகர்ந்துகொண்டே போகும். வரி நீள நீளப் பிசகு கூடும். அதே பைத்தானில், சொல்லுக்குரிய எழுத்து எது என்று கேட்கும் வழக்கமான தேடுகுறி நம் உயிர்க்குறிகளையும் புள்ளியையும் எழுத்தாகவே ஏற்காது. ஒரு சொல்லைக் குறி வருகிற இடமெல்லாம் வெட்டிப்போடும். சொல்லளவில் ஒப்பிடுகிறோம் என்று நினைத்துக்கொண்டு துண்டுகளை ஒப்பிட்டுக்கொண்டிருப்பீர்கள்.

வழி இருக்கிறது. முதலில் உரையை முழு எழுத்துகளின் பட்டியலாக மாற்றுங்கள்: மெய்யும் அதன்மேல் ஏறிய குறியும் பிரியாமல். 'ஓப்பன் தமிழ்' என்ற திறமூலத் தொகுப்பில் இதற்கென்றே ஒரு செயற்கூறு உண்டு. பைத்தானுக்குத் தனியாகக் கிடைக்கும் 'ரீஜெக்ஸ்' தொகுப்பாலும் செய்யலாம். அந்தப் பட்டியலை ஒப்பீட்டுக் கணக்குக்குக் கொடுங்கள். நீங்கிய 'கீ' முழுசாகச் சிவக்கும், சேர்ந்த 'கி' முழுசாகப் பச்சையாகும். நம் கண் படிக்கிற அலகும் கருவி காட்டுகிற அலகும் ஒன்றாகிவிடும். தமிழ்க் கோப்புகளை ஒப்பிடுகிற யாரும் இதைச் செய்யாமல் மேலே போகக் கூடாது என்பது என் உறுதியான எண்ணம்.

5. ரொம்பப் பொடியாக்கவும் வேண்டாம்.

ஒரு வாக்கியத்தை முழுக்க மாற்றி எழுதியிருந்தால் எழுத்தளவு ஒப்பீடு தற்செயலாக ஒத்துப்போகிற 'க', 'ம்', 'து' எல்லாவற்றையும் பொறுக்கி வைத்துக்கொண்டு மிச்சத்தைக் கலர்த் துணுக்குகளாக இறைத்துவிடும். கணக்குப்படி அது சரி, படிக்க உதவாது. கூகுள் டாக்ஸுக்காக 2006-ல் நீல் ஃப்ரேசர் எழுதிய தொகுப்பில் இதற்கென்று ஒரு துப்புரவு உண்டு: இரண்டு மாற்றங்களுக்கு நடுவே மாட்டிக்கொண்ட அற்பமான ஒற்றுமைகளைக் கைவிட்டு, மாற்றங்களை ஒன்றாகச் சேர்க்கும். உங்கள் நிரலிலும் அப்படி ஓர் எல்லை வையுங்கள். ஒரு சொல்லில் பாதிக்கு மேல் மாறியிருந்தால் அந்தச் சொல் முழுவதையும் மாறியதாகக் காட்டுங்கள்.

6. கண்ணுக்கு ஒன்றாகத் தெரிவது கோப்புக்குள் வேறாக இருக்கும்.

'கொ' என்பதன் குறியை ஒரே குறியெண்ணாகவும் வைக்கலாம், கொம்பும் காலுமாக இரண்டாகவும் வைக்கலாம். திரையில் வித்தியாசம் தெரியாது. யூனிகோடின் இயல்பாக்கத்தில் போட்டால் இரண்டும் ஒன்றாகிவிடும். 'கௌரி' என்று ஔகாரக் குறி போட்டும் எழுதியிருப்பார்கள், கொம்பு போட்டு அடுத்து ளகரத்தை வைத்தும் எழுதியிருப்பார்கள்; இதை இயல்பாக்கம் தீர்க்காது, நீங்கள்தான் விதி எழுத வேண்டும். 'ஸ்ரீ'க்கு இரண்டு வழி உண்டு. 2005-ல் யூனிகோடில் 'ஶ' சேர்ந்ததிலிருந்து அந்தக் குழப்பம். தமிழ் எண் ௧-ஐக் ககரமாகவும், ௨-ஐ உகரமாகவும் அடித்தவர்கள் உண்டு. பிடிஎஃப் கோப்பிலிருந்து நகலெடுத்தால் கொம்பு முன்னால் போய்விடுவதும் உண்டு. பாமினி, வானவில் எழுத்துருவில் தட்டிய பழைய கோப்பு என்றால் யூனிகோடுக்கு மாற்றாமல் ஒப்பிடுவதே வீண்.

ஆகவே இரண்டு தடவை ஒப்பிடுங்கள். இயல்பாக்கம் செய்த நகல்களை ஒப்பிட்டால் படிப்பவரைப் பாதிக்கும் மாற்றம் தெரியும். அப்படியே ஒப்பிட்டால் தேடுதலையும் வரிசைப்படுத்தலையும் பாதிக்கும் மாற்றம் தெரியும். இரண்டு பட்டியலையும் ஒன்றாகக் கலக்காதீர்கள்.

7. கோப்பு முழுவதும் மாறியதாகக் காட்டினால் பதறாதீர்கள். வரி முடிவைப் பாருங்கள். விண்டோஸ் ஒரு விதமாகவும் யூனிக்ஸ் வழி வந்தவை வேறு விதமாகவும் வரியை முடிக்கும். முக்கால்வாசி நேரம் விஷயம் அவ்வளவுதான்.

8. எண்களைத் தனியாகப் பிரித்தெடுத்து ஒப்பிடுங்கள்.

நம் பக்கத்துக்கு இது உயிர் போகிற விஷயம். நில ஆவணத்தில் பரப்பை ஹெக்டேர், ஏர் என்று போடுகிறார்கள். 0.40.5 என்றால் நாற்பதரை ஏர், ஏறத்தாழ ஒரு ஏக்கர். அது 0.45.0 என்று மாறியிருந்தால் கூடுதலாகப் பதினோரு சென்ட். நீண்ட வரியில் இரண்டு இலக்கம் இடம் மாறியதைக் கண் தாண்டிப்போகும், ஏனென்றால் சொல்லுக்கு இருக்கிற உருவம் எண்ணுக்கு இல்லை. 'மகன்' என்பது 'மகள்' ஆகியிருந்தால் வாக்கியம் உறுத்தும். 212 என்பது 221 ஆனால் எதுவும் உறுத்தாது.

ஒரு சின்ன நிரல் எழுதி, இரண்டு கோப்பிலிருந்தும் இலக்கங்கள் வருகிற துண்டுகளை மட்டும் வரிசையாக, ஒன்றன்கீழ் ஒன்றாக எடுத்து ஒப்பிடுங்கள். பயிர்க் காப்பீட்டுப் பட்டியலையும் இப்படித்தான் பார்க்க வேண்டும். வடகிழக்குப் பருவமழையை நம்பி உளுந்தும் பாசியும் மக்காச்சோளமும் பருத்தியும் விதைக்கிற ஒரு கிராமத்தின் பட்டியலில், ஒரு விவசாயியின் பெயர், சர்வே நம்பர், பரப்பு, பயிர், வங்கிக் கணக்கு எல்லாம் ஒரே வரியில் ஒட்டிக்கொண்டு வரும். அதை வரிக்கு வரி ஒப்பிடாதீர்கள். ஒருவருக்குப் பெயர் சேர்ந்தாலே கீழே உள்ள வரிசை எண்கள் எல்லாம் நகர்ந்து, அத்தனை வரியும் மாறியதாகக் காட்டும். வரிசை எண் பத்தியை நீக்கிவிட்டு, மாறாத ஓர் அடையாளத்தை வைத்து இரண்டு பட்டியலிலும் அதே ஆளைப் பொருத்தி, அதற்குப் பிறகு கட்டத்துக்குக் கட்டம் ஒப்பிடுங்கள். கணக்கு எண்ணில் ஓர் இலக்கம் தவறினால் அந்த வீட்டுக்கு இழப்பீடு வராது. இதை நினைவில் வைத்துக்கொண்டு வேலை பாருங்கள்.

9. நிறத்தை மட்டும் நம்பிக் காட்டாதீர்கள்.

சிவப்பும் பச்சையும் பிரித்தறிய முடியாத கண்கள் இருக்கின்றன. கருப்பு வெள்ளை அச்சில் இரண்டு நிறமும் ஒரே சாம்பல். நீங்கியதற்கு நடுக்கோடு, சேர்ந்ததற்கு அடிக்கோடு, கூடவே நிறம் என்று வையுங்கள். மெய்யின்மேல் உள்ள ஒரு புள்ளியோ ஓர் இடைவெளியோ மட்டும் மாறியிருந்தால் எழுத்தின் நிறம் மாறியது தெரியவே தெரியாது. பின்னணியில் நிறம் ஏற்றினால்தான் தெரியும்.

இதோடு சேர்ந்த இன்னொன்று: வரியை மடக்கிக் காட்டும் வசதியைப் போட்டுக்கொள்ளுங்கள். மாற்றம் திரைக்கு வெளியே வலப்பக்கம் எங்கோ கிடந்தால், எவ்வளவு அழகாக நிறமேற்றியும் பயனில்லை. வின்மெர்ஜில் கீழே ஒரு தனிப் பலகம் திறந்து நடப்பு வித்தியாசத்தை மட்டும் பார்க்கலாம். மிக நீண்ட வரிகளுக்கு நான் வேறொன்று செய்யச் சொல்வேன்: மாறிய இடத்துக்கு முன்னால் நான்கைந்து சொல், பின்னால் நான்கைந்து சொல், இவ்வளவு மட்டும் வெட்டியெடுத்துப் பட்டியலிடுங்கள். நூறு பக்கப் பத்திரக் கட்டானாலும் ஒரு தாளில் அடங்கிவிடும். வழக்கறிஞரோ ஆசிரியரோ அந்தத் தாளைப் பார்த்துக் கையெழுத்திடுவார். சிவப்புப் பத்திகளாக நூறு பக்கம் கொடுத்தால் படிக்காமல்தான் கையெழுத்திடுவார்.

தமிழ் விக்கிப்பீடியாவின் வரலாற்றுப் பக்கத்தில் இரண்டு பதிப்புகளை ஒப்பிட்டுப் பாருங்கள். அங்கே ஒரு பத்தி என்பது ஒரே வரி. பத்தி முழுவதையும் இரண்டு பக்கமும் எதிரெதிரே வைத்து, மாறிய சொல்லுக்கு மட்டும் அழுத்தமான நிறம் கொடுத்திருப்பார்கள். நல்ல பள்ளிக்கூடம் அது. காசு செலவில்லை.

10. ஒழுங்கு செய்வதையும் திருத்துவதையும் ஒரே தடவையில் செய்யாதீர்கள்.

வரியை மடக்குவது, இடைவெளி சீராக்குவது, எழுத்துரு மாற்றுவது ஒரு வேலை. சொல்லைத் திருத்துவது வேறு வேலை. முதலாவதை முடித்துச் சேமித்து, இரண்டாவதைத் தனியாகச் சேமியுங்கள். இரண்டையும் கலந்துவிட்டால் உண்மையான திருத்தத்தைப் பிரித்துக் காட்டுவது கருவிக்குக் கடினம். கூட வேலை செய்கிறவர் மேல் மரியாதை இருக்கிறவர்கள் இந்த ஒழுங்கைக் கடைப்பிடிப்பார்கள்.

11. வாய்விட்டுப் படித்து ஒத்துப்பார்ப்பதைக் கைவிடாதீர்கள்.

ஓட்டப்பிடாரத்தில் 1872 செப்டம்பர் 5-ஆம் தேதி பிறந்த வ.உ.சிதம்பரனாரைக் கப்பலோட்டியவராக எல்லோருக்கும் தெரியும். அந்த ஊரிலேயே வக்கீல் தொழிலும் பார்த்தவர். பத்திரங்களோடு பழகிய அந்த மனிதர் சிறையிலிருந்து வந்தபின் பதிப்பாசிரியராகவும் உழைத்தார்: திருக்குறள் அறத்துப்பாலுக்கு மணக்குடவர் எழுதிய உரையை 1917-ல் அச்சில் கொண்டுவந்தார், தொல்காப்பியத்தின் இளம்பூரணர் உரையிலும் உழைத்தார். அந்தக் காலத்துப் பதிப்பாசிரியர்கள் எதிர்கொண்டது நம்முடைய இதே சிக்கலின் கடினமான வடிவம். ஏட்டில் சொல்லுக்குச் சொல் இடைவெளி இருக்காது. புள்ளி பெரும்பாலும் இருக்காது. எகர ஏகார, ஒகர ஓகார வேறுபாடும் இருக்காது. காலும் ரகரமும் ஒரே வடிவம். ஏட்டில் 'கொல' என்று இருந்தால் அது கொல், கோல், கொல, கோல எதுவாகவும் இருக்கலாம். நெடிலுக்குச் சுழித்த கொம்பு தந்து அந்த மயக்கத்தைக் குறைத்த வீரமாமுனிவரும் கோவில்பட்டிக்குப் பக்கத்துக் காமநாயக்கன்பட்டியில் பணியாற்றியவர்தான்.

அவர்கள் என்ன செய்தார்கள்? ஒருவர் படிக்க, மற்றவர் வேறு பிரதியைக் கண்ணால் தொடர்ந்து, மாறுகிற இடத்தில் நிறுத்திக் குறித்துக்கொண்டார்கள். அந்தப் பாடபேதங்களை அடிக்குறிப்பில் கொடுத்தார்கள். 1887-ல் சீவக சிந்தாமணியை வெளியிட்ட உ.வே.சாமிநாதையர் பிரதிகளைத் தேடித் தேடி ஒத்துப்பார்த்த கதையை நீங்கள் பள்ளியில் படித்திருப்பீர்கள். அச்சகங்களிலும் ஒருவர் மூலத்தைப் படிக்க மற்றவர் மெய்ப்பைப் பார்ப்பதுதான் வழக்கமாக இருந்தது. கருவி இரண்டு கோப்புக்கும் உள்ள வித்தியாசத்தைச் சொல்லும். இரண்டிலும் ஒரே பிழை இருந்தால் வாயே திறக்காது. காது அதைப் பிடிக்கும். முக்கியமான ஆவணத்தைக் கருவியில் ஒப்பிட்ட பிறகு இரண்டு பேர் உட்கார்ந்து ஒரு முறை படியுங்கள்.

12. காட்டுவது உங்கள் வேலை. எது சரி என்று முடிவு செய்வது எழுதியவர் வேலை.

இடைசெவலில் பிறந்த கி.ராஜநாராயணன் கரிசல் பேச்சை அப்படியே எழுத்தில் கொண்டுவந்தார். வட்டார வழக்குக்கென்று ஒரு சொல்லகராதியே தொகுத்தார். அந்த வழியில் எழுதிய ஒரு கதையில் பேச்சு வழக்குச் சொல்லை யாரோ, அல்லது ஒரு பிழைதிருத்தியோ, இலக்கணச் சொல்லாக மாற்றியிருந்தால், நீண்ட பத்திக்குள் அது சத்தமில்லாமல் போய்விடும். அதைக் கண்டுபிடித்து எழுதியவர் முன்னால் வையுங்கள். நீங்களே ஏற்றுக்கொள்ளவும் வேண்டாம், மறுக்கவும் வேண்டாம். 'எல்லாவற்றையும் ஏற்றுக்கொள்' என்ற பொத்தானைப் படைப்பெழுத்தில் தொடவே தொடாதீர்கள்.

13. கடைசியாக ஒரு வேண்டுகோள்.

வின்மெர்ஜ், மெல்ட், கேடிஃப்3, கிட் எல்லாம் திறமூலம். யார் வேண்டுமானாலும் உள்ளே பார்க்கலாம், பிழை சொல்லலாம், திருத்தம் அனுப்பலாம். நீங்கள் பயன்படுத்தும் கருவியில் ஒரு தமிழ்ப் பத்தியைப் போட்டுச் சோதியுங்கள்: ஒரு புள்ளியை எடுத்துவிட்டு, ஒரு குறிலை நெடிலாக்கி, ஒரு 'கொ'வை இரண்டு விதமாக அடித்து, ஓர் இலக்கத்தை மாற்றி. கருவி எங்கே தடுமாறுகிறதோ அந்த இடத்தை, இரண்டு சோதனைக் கோப்புகளோடு, அதை எழுதுகிறவர்களுக்கு அனுப்புங்கள். தமிழ் படிக்கத் தெரியாத ஒருவருக்கு அந்தத் துண்டுக் குறி தவறு என்று தெரிய வழியில்லை. நாம்தான் சொல்ல வேண்டும்.